நீலத் தாளில் ஒரு பெயரும் இல்லை

அண்ணா, வியாழக்கிழமை மேஜையை மூடியது நீங்கள். பள்ளிக்கூடம் கடைசியில் வந்து பூட்டுப் போட்டது, அவ்வளவுதான்.

உங்களுக்கு உடந்தையாக இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் போன மாதம் தமிழ்ச் சங்கத்து பிக்னிக்கில் நீங்கள் மைக்கைப் பிடித்து, "நம்ம பசங்கன்னாலே இவங்களுக்கு இளக்காரம். அதான் அந்த தர்ஸ்டே டேபிளை க்ளோஸ் பண்ணிட்டாங்க" என்று பேசினீர்களே, அப்போது நான் தயிர்சாதத் தட்டோடு மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குத்தான் இப்போது உட்கார்ந்து, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

கரூரிலிருந்து டாலஸ் பக்கம் நாங்கள் வந்தபோது என் மகளுக்குப் பதினாலு வயது. நாடு மாறுவதற்கு அதைவிட மோசமான வயது இல்லை. மூன்று வயதில் வரும் குழந்தை ஆறு மாதத்தில் இந்த ஊர்க் குழந்தை ஆகிவிடும். பதினாலில் வரும் பெண் எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொண்டு வருகிறாள். கரூரில் அவள் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவள். வீட்டில் வாயை மூடு என்று நான் சொல்லாத நாள் கிடையாது. இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்து ஒரு மாதத்தில் ஊமை மாதிரி ஆகிவிட்டாள். டீச்சர் கேட்கும் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். அதை இங்கிலீஷில் அடுக்கி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மதியச் சாப்பாட்டை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். பல நாள் சாப்பிடாமலே டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்தாள். நான் கேட்டால், "பசிக்கல." வேறு பேச்சே இல்லை.

எனக்கு அப்போது வேலை பார்க்கும் அனுமதி கிடையாது. கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். நாள் முழுக்க அபார்ட்மென்டில் உட்கார்ந்து, அந்தத் திறக்கப்படாத டப்பாவையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு, நூலகத்தில், ஹானர் சொசைட்டி மாணவர்கள் மற்ற மாணவர்களுக்குப் பாடத்தில் உதவி செய்வார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், ஐந்தரைக்குக் கடைசி பஸ் வீட்டில் கொண்டு விடும் என்று.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஹானர் சொசைட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சங்கம் அது. மார்க் மட்டும் போதாது. பிறருக்கு இத்தனை மணி நேரம் சேவை செய்தேன் என்று கையெழுத்தோடு காட்ட வேண்டும். அந்தச் சேவை மணிக்காக நம் ஆட்கள் அலைகிற அலைச்சல் இருக்கிறதே! கோயில் பார்க்கிங்கில் வெயிலில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டும் பிள்ளைகள் பக்தியால் காட்டவில்லை. தமிழ்ப் பள்ளியில் நாற்காலி அடுக்கும் பிள்ளைகள் தமிழ்ப் பற்றால் அடுக்கவில்லை. பின்னாலேயே ஒரு அம்மா ஃபாரத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நிற்பாள். நானும் நின்றிருக்கிறேன்.

முதல் வியாழக்கிழமை நானே காரில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். நூலக வாசலில் ஒரு சின்ன டெஸ்க். அதன் மேல் இரண்டு அட்டைகள், இரண்டிலும் கிளிப் போட்ட தாள்கள். வெள்ளைத் தாள் உதவி செய்ய வருகிறவர்களுக்கு. அதில் பெயர் எழுதினால் சேவை மணி கிடைக்கும். நீலத் தாள் உதவி கேட்டு வருகிறவர்களுக்கு. அதில் எழுதினால் ஒன்றும் கிடைக்காது, உதவி கிடைக்கும். என் மகள் நீலத் தாளில் பெயர் எழுதினாள்.

அன்றைக்கு மேஜையைப் பார்த்துக்கொண்டவள் பதினோராம் வகுப்புப் பெண். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். நல்ல உயரம், காதில் பெரிய வளையம். அவள் என் மகளைப் பார்த்து ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "சிட். ஹங்ரி?" என்று கேட்டு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினாள். பேர் என்ன, எந்த நாடு, எப்போது வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நான் வெளியே காரில் காத்திருந்தேன். செப்டம்பர் வெயில். இந்த ஊரில் செப்டம்பரிலும் வண்டிக்குள் இட்லி வேகும். இரண்டாவது வாரம் நூலகத்து அம்மாள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இங்கே வெந்து சாகாதே, உள்ளே வந்து எனக்குப் புத்தகம் அடுக்கிக் கொடு என்றார். அதற்கு ஒரு ஃபாரம், ஒரு போலீஸ் சரிபார்ப்பு, வாராவாரம் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர். இப்படித்தான் நான் மூன்றரை வருஷம் வியாழக்கிழமைகளில் அந்த நூலகத்தில் தள்ளுவண்டியோடு திரிந்தேன். நான் பார்க்காத எதையும் இங்கே எழுதவில்லை.

அந்த வியாழக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் காதில் மத்தளம்தான் கேட்கும். வெளியே மைதானத்தில் பள்ளி பேண்ட் பழகும். ஜன்னல் கண்ணாடி அதிரும். பாட்டில் ஒரே துண்டை நாற்பது தடவை அடிப்பார்கள். மேஜையில் ஒருவன் அதற்கேற்ப பென்சிலால் தட்டுவான். நூலகத்து அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் நிற்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனை, ஈரக் குடை வாசனை, உருளைக்கிழங்கு சிப்ஸ் வாசனை. மூன்றாவது மாதத்திலிருந்து என் எலுமிச்சை சாதமும் சேர்ந்துகொண்டது. ஒரு அலுமினிய ட்ரே நிறைய கொண்டு போவேன். ஸ்பூன் மறந்துவிட்ட ஒரு நாள், அந்த மெக்சிகோ பெண் சோள சிப்ஸால் சாதத்தை அள்ளிச் சாப்பிட்டாள். அதன் பிறகு யாரும் ஸ்பூன் கேட்கவில்லை. இன்றைக்கும் என் வீட்டில் எலுமிச்சை சாதத்துக்கு அப்பளம் கிடையாது. சோள சிப்ஸ்தான்.

எனக்கும் அங்கே பாடம் நடந்தது. பல் டாக்டருக்குப் போன் பண்ண எனக்குப் பயம். எதிர்முனையில் கேட்பது புரியாது. அந்தப் பெண்தான் எதிரில் உட்கார்ந்து பெருவிரலையும் சுண்டுவிரலையும் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு, ரிசப்ஷனிஸ்ட் மாதிரி பேசி, எனக்குப் பழக்கம் கொடுத்தாள். "ஆன்ட்டி, டோன்ட் சே சாரி. யூ ஆர் பேயிங் தெம்" என்பாள். ஆன்ட்டி என்று கூப்பிட என் மகளிடம் கற்றுக்கொண்டாள். நாலாவது வாரம் நானே போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். மேஜையில் எல்லாரும் கை தட்டினார்கள். நூலகத்து அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கக்கூட இல்லை.

இனி உங்கள் மகன், அண்ணா.

அவன் இங்கேயே பிறந்தவன். இங்கிலீஷ் கட்டுரை தண்ணீர் மாதிரி எழுதுவான். சேவை மணிக்காக வெள்ளைத் தாளில் பெயர் எழுதி, உதவி செய்ய வந்தான். வந்த இரண்டாவது வாரம், என் மகளுடைய அமெரிக்க வரலாற்றுக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைக்கு அடியில் அவளிடம் தள்ளினான். அல்ஜீப்ரா டெஸ்ட். சிவப்பாக ஒரே பெருக்கல் குறி. நான் பக்கத்து அலமாரியில் இருந்தேன்.

"யூ காண்ட் டெல் மை டாட்" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

"நோ, சீரியஸ்லி. ஹி தின்க்ஸ் மேத் இஸ் இன் அவர் பிளட்."

"ரத்தம் இருக்கட்டும். இந்த மைனஸ் ஏன் இங்கயே நிக்குது? அந்தப் பக்கம் கொண்டு போ."

"ஒய்?"

"ஏன்னா சொன்னேன்ல. தூக்குடா அதை!"

நான் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். கரூர் வீட்டில் கேட்ட குரல் அது. அமெரிக்காவுக்கு வந்து ஐந்து மாதமாக நான் கேட்காத குரல். முதலில் தமிழில் அதட்டினாள். அவனுக்குப் பாதி புரியவில்லை என்றதும் இங்கிலீஷில் அதட்டினாள். இலக்கணம் எல்லாம் தாறுமாறு. அவன் சிரித்துக்கொண்டே திருத்தினான், இவள் அவன் கணக்கைத் திருத்தினாள். என் மகளுக்கு இந்த நாட்டில் வாய் திறந்தது உங்கள் மகன் விட்ட ஒரு மைனஸ் குறியால்தான். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதன் பிறகு அந்த மேஜை அப்படித்தான் ஓடியது. வரலாறு தெரிந்தவன் வரலாறு சொல்வான், கெமிஸ்ட்ரி தெரியாதவன் பக்கத்து நாற்காலிக்குப் போவான். பிள்ளைகள் நாளுக்கொரு தாளில் பெயர் எழுதினார்கள். சொல்லிக்கொடுத்தால் வெள்ளை, கேட்டுக்கொண்டால் நீலம், இரண்டும் செய்தால் இரண்டிலும். வெட்கமே கிடையாது. வெட்கம் எல்லாம் நாம் கொண்டு போய்ச் சேர்த்தது.

அது நடந்த இடமும் நினைவிருக்கிறது. என் மகள் பத்தாம் வகுப்பு. யாரோ ஒருவருடைய குழந்தைக்கு முதல் பிறந்தநாள், அபார்ட்மென்ட் க்ளப்ஹவுஸில். ஆண்கள் எல்லாம் சமோசாத் தட்டைச் சுற்றி நின்றார்கள். பெற்றோர் வாட்ஸப் குழுவை நடத்துகிறவர் நீங்கள். க்ரீன் கார்டிலிருந்து கல்லூரி வரை உங்களுக்குத் தெரியாதது இல்லை என்று எல்லாரும் உங்களைக் கேட்பார்கள். நானும் கேட்பேன். நீங்கள் சமோசாவைக் கடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"லைப்ரரில ப்ளூ ஷீட்ல யாரும் பசங்கள பேர் போட விடாதீங்க. அது ஸ்கூல் கவுன்சிலர் ஃபைல்ல ஏறும். காலேஜ் அப்ளை பண்றப்ப அது கூடவே போகும். வீக் ஸ்டூடன்ட்னு முத்திரை குத்திடுவான்."

"யாருங்கண்ணா சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"யாரு சொல்லணும்? பதினெட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்மா. சிஸ்டம் எப்டி வொர்க் ஆவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உதவி கேட்டா தப்பா?"

"கேக்கட்டும்மா. வொய்ட்ல பேர் போட்டுட்டு கேக்கட்டும். யார் பாக்கப் போறா? ஹவர்ஸும் வந்துரும், வேலையும் முடிஞ்சிரும். ஒரே கல்யாணத்துல ரெண்டு பந்தி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. உங்கள் மகன் மேஜைக்கு அடியில் கணக்குப் படிப்பது உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா என்று நான் யோசித்ததுண்டு. தெரிந்துதான் சொன்னீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

அன்று காரில் திரும்பும்போது மகளிடம் சொன்னேன். இனி வெள்ளையில் மட்டும் எழுது.

"அது பொய்ம்மா."

"நீ அவனுக்குக் கணக்குச் சொல்லித்தர்ற இல்ல? அப்ப உண்மைதான்."

"பாதிதானே உண்மை? மீதிப் பாதிய எங்க எழுதறது?"

"எங்கயும் எழுத வேண்டாம். பெரியவங்க தெரியாமயா சொல்றாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃப்ரீவே முழுக்கப் பேசவில்லை. அவளைப் பேச வைப்பதற்காகத்தான் அந்த மேஜைக்கு அழைத்துப் போனேன். அதைக் கொண்டே அவள் வாயை அடைத்தேன். இதில் என் பங்கு இது. யாருக்கும் கை மாற்றிவிட மாட்டேன்.

நம் ஆட்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொன்னார்கள். அடுத்த மாதம் வெள்ளைத் தாள் இரண்டு பக்கம் நிரம்பியது. நீலத் தாளில் நாலைந்து பெயர், பிறகு இரண்டு. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள். யாருமே எழுதாத தாளில் நான் மட்டும் ஏன் எழுத வேண்டும் என்று அவர்களும் விட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மெக்சிகோ பெண் பள்ளி முடித்துவிட்டுப் போனாள். கடைசி வியாழக்கிழமை வாசலில் நின்று, அந்த டெஸ்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நீலத் தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். என்ன உதவி பெற்றீர்கள் என்ற கட்டத்தில் 'லெமன் ரைஸ்' என்று எழுதினாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த மேஜையிலேயே எல்லாரையும்விட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நீலத் தாளில் எழுதப்பட்ட கடைசிப் பெயரும் அவளுடையதுதான். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தத் தாளை நினைத்தால் முகம் சுடுகிறது.

அடுத்த வருஷம் நூலகத்து அம்மாள் என்னிடம் நேராகவே கேட்டார். புத்தக வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு அட்டைகளையும் காட்டி, இத்தனை பேர் உதவி செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள் என்றார். மேலே கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது என்றார். மெதுவாக, எனக்குப் புரியும்படிதான் கேட்டார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாத மாதிரி சிரித்தேன். தலையை ஆட்டினேன். அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். அந்த மேஜையில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவரிடமே இங்கிலீஷ் தெரியாதவளாக நடித்தேன்.

ஹானர் சொசைட்டியில் என் மகளும் உங்கள் மகனும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். அந்த விழா எனக்கு ரொம்பப் பிடிக்கும், இப்போதும். அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். தீ விபத்துக்குப் பயந்து பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி. உங்கள் மகனுடையது எரியவில்லை. அவன் அதைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். எரிந்தது. என் மகள் மேடையிலேயே சத்தமாகச் சிரித்தாள். பட்டுப் பாவாடை தாவணியில், அத்தனை பேர் முன்னால், வாய் விட்டுச் சிரித்தாள். நீங்கள் முதல் வரிசையில் ஐபேடைத் தூக்கிப் பிடித்து எல்லார் பார்வையையும் மறைத்தீர்கள். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மாதம்தான் அவன் கணக்கில் நல்ல மார்க்கில் தேறியிருந்தான். அந்த வீடியோவை நீங்கள் குழுவில் போட்டீர்கள். என் போனில் இன்னும் இருக்கிறது. அவர்கள் பள்ளி முடித்த நாளில் ஹானர் சொசைட்டி அடையாளமாகக் கழுத்தில் போட்ட தங்க நிறக் கயிற்றை என் மகள் ஆஸ்டினுக்குக் கல்லூரியில் சேரப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

இந்தக் கோடையில் கடிதம் வந்தது. மாணவர்களிடையே தேவை இல்லாததால் வியாழக்கிழமை உதவி நிறுத்தப்படுகிறது, அந்தக் கடைசி பஸ்ஸும் இனி இல்லை என்று. குழுவில் உடனே தீ பிடித்தது. பாகுபாடு என்றீர்கள். மனு எழுதினீர்கள். நானும் படித்தேன். 'எங்கள் பிள்ளைகள் அங்கே பிறருக்கு உதவி செய்து வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் யாருக்கும் அங்கே உதவி தேவைப்பட்டதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். நூறு பேர் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்றீர்கள். அண்ணா, பள்ளி சொல்வதும் அதேதானே? யாருக்கும் தேவை இல்லை என்று அவர்கள் மூடினார்கள். எங்களுக்குத் தேவை இல்லை என்று நீங்கள் கையெழுத்து வாங்குகிறீர்கள்.

நான் இதையும் பேசாமல் விட்டிருப்பேன். என் மகள் அந்தப் பள்ளியை முடித்துவிட்டாள், எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆகஸ்டில் எங்கள் எதிர் வீட்டுக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கு ஒரு பெண். பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு.

ஒரு நாள் அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் தட்டினாள். கையில் டிபன் டப்பா. திறந்து காட்டினாள். காலையில் வைத்த சப்பாத்தி அப்படியே இருந்தது.

"ஏனுங்கக்கா, இங்க ஸ்கூல்ல என்னதான் நடக்குது? தினமும் இப்படியே கொண்டாறா. கேட்டா பாத்ரூம்ல உக்காந்துக்கறேங்கறா."

நான் அந்த டப்பாவை வாங்கி மூடினேன்.

"உங்க பாப்பாவும் இப்படித்தான் வந்துதாமா. அப்பறம் என்னமோ டேபிளுக்குப் போய்ச் சரியாப் போச்சுன்னு சொன்னாங்க. அது எங்கீங்கக்கா இருக்குது? நான் கொண்டு போய் விடறேன்."

"இல்ல கண்ணு. மூடிட்டாங்க."

"ஏனுங்க?"

ஏன் என்று அவளிடம் என்ன சொல்வது? சமோசாத் தட்டுக் கதையைச் சொல்வதா?

மறுநாள் நான் பள்ளிக்குப் போனேன். நூலகத்து அம்மாள் மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தார். தூக்கிப் போடவில்லை. நான் உன்னைக் கேட்டேனே என்றார். நான் சொன்னேன். இங்கிலீஷில், தப்பும் தவறுமாக, முழுவதையும் சொன்னேன். கடைசியில் சாரி என்றேன். அவர் கோபப்படவில்லை. பெற்றோர்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு வந்து, எங்கள் பிள்ளைகள் இங்கே உதவி பெற்றார்கள், இன்னும் தேவை இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொன்னால் மேஜையும் பஸ்ஸும் திரும்பி வரலாம் என்றார். ஒருவர் சொன்னால் போதாது என்றார். உங்கள் மனு அங்கே முதலில் போய்ச் சேர்ந்தால் யார் சொல்லியும் பயன் இல்லை என்றார். இன்னொன்றையும் கேட்டேன். நீலத் தாள் எங்கே போகும் என்று. எங்கும் போகாது, அடுத்த வாரம் எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று பார்க்கத்தான் என்றார்.

நாற்காலி எண்ணுவதற்கு வைத்த தாள், அண்ணா. அதற்குத்தான் நம் பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்தோம்.

இதை எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். "என் பேச்ச எல்லாம் எழுதிக்கோம்மா, எனக்கென்ன" என்றாள். பிறகு உங்கள் மகனுக்குப் போன் பண்ணினேன். அவன் விஷயத்தை அவனைக் கேட்காமல் எழுதுவது தப்பு.

"ஆன்ட்டி! லெமன் ரைஸ் அனுப்பப் போறீங்களா?" என்றான். தமிழ் கொஞ்சம் வந்திருக்கிறது. ஹாஸ்டலில் ஒரு சென்னைப் பையனோடு அறை.

விஷயத்தைச் சொன்னேன்.

"டெல் தெம், ஆன்ட்டி. ஐ வாஸ் பேட் அட் மேத். ஸோ வாட்?"

"அப்பாகிட்ட நீயே சொல்லலாமில்ல கண்ணா?"

"ஐ டிட். ட்வைஸ்." என்றான். "ஹி ஜஸ்ட் டர்ன்ஸ் ஆன் த டிவி, ஆன்ட்டி."

அவனுக்கு வெட்கம் இல்லை. எதிர் வீட்டுப் பெண் இன்றைக்கும் கழிவறையில்தான் சாப்பிடுகிறாள். நடுவில் நிற்பது உங்கள் வெட்கம் ஒன்றுதான்.

அடுத்த மாதம் பள்ளி வாரியக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். என் மகள் அங்கே உதவி வாங்கினாள் என்று சொல்லப் போகிறேன். எனக்குப் போனில் பேசக் கற்றுக்கொடுத்தது அந்த மேஜை என்று சொல்லப் போகிறேன். நீலத் தாளில் எழுத வேண்டாம் என்று என் மகளை மிரட்டியது நான் என்றும் சொல்லப் போகிறேன். எனக்கு அடுத்த பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது.

குழுவில் எனக்குப் பதில் எழுதாதீர்கள். தனியாகப் போன் பண்ணி, "என்னம்மா இது, நமக்குள்ள பேசி முடிச்சிருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். என் கணவரைப் பார்க்கிங்கில் நிறுத்திப் பேசாதீர்கள். பிக்னிக்கில் எல்லார் முன்னாலும் மைக்கில் பேசினீர்கள். இதற்கும் மைக்கில் வாருங்கள்.

உங்கள் மகன் அந்த மேஜையில் கணக்குக் கற்றுக்கொண்டானா, இல்லையா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள், அண்ணா.